முதலில் பள்ளி, பிறகு வீடு

ஏப்ரலில் முழுப்பரீட்சை முடிந்ததும் தமிழ்நாட்டுத் தெருக்களில் சாமான் ஏற்றிய குட்டியானை வண்டிகள் ஓடத் தொடங்கிவிடும். பீரோ, கிரைண்டர், சுருட்டிய மெத்தை, எல்லாவற்றுக்கும் மேலே கயிற்றால் கட்டிய குழந்தை சைக்கிள். ஜூன் முதல் வாரம் வரை இந்த ஓட்டம் ஓயாது. இடமாறுதல் ஆணை வாங்கிய அரசு ஊழியர், வேறு கிளைக்குப் போகும் வங்கிக்காரர், வாடகை ஏறியதால் புறநகருக்குத் தள்ளப்பட்டவர், கடன் போட்டு ஃபிளாட் வாங்கியவர் என்று காரணம் ஆளுக்கு ஆள் வேறு. கோடை விடுமுறைக்குள் மாறிவிட வேண்டும் என்று எல்லாரும் துடிப்பதற்குக் காரணம் மட்டும் ஒன்றுதான்: பிள்ளையின் படிப்பு கெட்டுவிடக் கூடாது.

ஆனால் காரியம் நடக்கிற வரிசையைப் பாருங்கள். முதலில் வீடு பார்க்கிறார்கள். தண்ணீர் எப்படி, அட்வான்ஸ் எத்தனை மாதம், பைக் நிறுத்த இடம் உண்டா என்று நூறு கேள்வி கேட்கிறார்கள். அட்வான்ஸைக் கொடுத்துப் பால் காய்ச்சிய பிறகுதான் "இந்தப் பக்கம் நல்ல ஸ்கூல் எதுங்க?" என்று வீட்டுக்காரரிடம் விசாரணை ஆரம்பிக்கிறது. அவர் தன் பேத்தி படிக்கும் பள்ளியைச் சொல்வார். பாதிப் பேருக்குத் தேர்வு அத்துடன் முடிந்துவிடுகிறது.

இந்த வரிசை தலைகீழ் என்பது என் கட்சி. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைக்கு, வீட்டை வைத்துப் பள்ளியைத் தேடுவதைவிட, பள்ளியை முடிவு செய்து அதைச் சுற்றி வீடு தேடுவதே சரி. பெரிய வகுப்புகளுக்கு இது அப்படியே பொருந்தாது. பதினோராம் வகுப்புப் பையன் ரயில் ஏறிப் போய்ப் படித்துவிட்டு வருவான். ஏழு வயதுக் குழந்தையின் நாள் வேறு. அதன் வாழ்க்கை ஒரு தெரு, ஒரு வகுப்பறை, ஒரு மிஸ் என்ற அளவில்தான் இருக்கிறது. இடம் மாறும்போது இவை மூன்றும் ஒரே நாளில் போய்விடுகின்றன.

மாறுவதால் உண்மையில் கெடுமா?

நியூசிலாந்துக் கல்வியாளர் ஜான் ஹாட்டி, மாணவர்களின் அடைவைப் பாதிக்கும் 138 காரணிகளை ஆய்வுகளிலிருந்து தொகுத்து 2009இல் ஒரு நூலாக வெளியிட்டார். அந்தப் பட்டியலில் கடைசி இடம், அதாவது மிக அதிகமாகக் கெடுக்கும் இடம், பள்ளி மாறுவதற்குக் கிடைத்தது. தொலைக்காட்சி பார்ப்பதைவிட, கோடை விடுமுறையைவிட மோசம் என்று அந்தக் கணக்கு சொன்னது. பெற்றோர் பயந்துபோக இது போதும். ஆனால் ஹாட்டியின் கூட்டல் முறையைப் புள்ளியியலாளர்கள் பலர் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். அதைவிட முக்கியமான ஒரு சிக்கலும் உண்டு. அடிக்கடி பள்ளி மாறும் குழந்தைகள் யார்? வேலை போன வீடு, பிரிந்த பெற்றோர், வாடகை கட்ட முடியாமல் வெளியேறியவர்கள் என்று ஏற்கெனவே ஏதோ ஒன்று உடைந்த குடும்பங்களில் மாற்றம் அதிகம். மதிப்பெண் குறைந்ததற்குப் பள்ளி மாறியது காரணமா, வீட்டு நிலைமை காரணமா என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. பதவி உயர்வு கிடைத்து மதுரையிலிருந்து கோவைக்குப் போகும் குடும்பத்தின் பிள்ளைக்கு அந்த எண்ணை அப்படியே பூசிவிட முடியாது.

"நல்ல ஸ்கூல்ல போட்டா எல்லாம் சரியாயிடும்" என்ற எதிர்முனை நம்பிக்கைக்கும் ஒரு சோதனை நடந்திருக்கிறது, நமக்குப் பக்கத்திலேயே. பிரிக்கப்படாத ஆந்திராவின் கிராமங்களில் 2008 தொடங்கி நான்கு ஆண்டுகள், அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் சிலரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்துத் தனியார் பள்ளியில் படிக்கக் கட்டணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் அதன் முடிவுகளை 2015இல் வெளியிட்டார்கள். பள்ளி மாறிய பிள்ளைகளுக்கும் மாறாத பிள்ளைகளுக்கும் தெலுங்கிலும் கணக்கிலும் வித்தியாசம் இல்லை. இந்தியில் மட்டும் முன்னேற்றம் தெரிந்தது. தனியார் பள்ளிகள் அதற்கு நேரம் ஒதுக்கியதே காரணம். தெலுங்குக்கும் கணக்குக்கும் அவை குறைந்த நேரமே செலவிட்டன என்பதையும், மிகக் குறைந்த செலவில் அதே அளவு அடைவைக் காட்டின என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நம் விஷயத்துக்கு முக்கியமானது இன்னொரு குறிப்பு: தெலுங்கு வழித் தனியார் பள்ளிக்குப் போனவர்கள் தேறினார்கள், ஆங்கில வழிக்குத் தாவியவர்கள் மற்ற பாடங்களில் தடுமாறினார்கள் என்பதற்கான அடையாளங்கள் அந்த ஆய்விலேயே இருக்கின்றன.

ஆந்திரக் கிராமத்தை வைத்துச் சென்னைப் புறநகருக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் பள்ளியின் பெயர்ப் பலகை மாறுவதால் மட்டும் பிள்ளை மாறிவிடாது என்பதும், பயிற்று மொழி மாறினால் பிள்ளைக்கு ஏதோ ஒன்று நிச்சயம் நடக்கிறது என்பதும் கவனத்தில் வைக்க வேண்டிய செய்திகள்.

தூரம்

கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தமிழ்நாடு 2011இல் வகுத்த விதிகளின்படி, ஐந்தாம் வகுப்பு வரையான பிள்ளைக்கு 1 கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும்; எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டர். சட்டம் எழுதியவர்கள் சிறு குழந்தையின் கால்களை மனத்தில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். நகரத்துப் பெற்றோர்தான் அதை மறந்துவிட்டோம்.

பள்ளி வேனின் கணக்கு வேறு மாதிரி. மேடவாக்கத்தில் வீடு, வேளச்சேரியில் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் பார்த்தால் சில கிலோமீட்டர்தான். ஆனால் வேன் நேராகப் போவதில்லை. பதினைந்து வீட்டு வாசலில் நின்று போகிறது. காலையில் முதலில் ஏறுகிற பிள்ளை மற்ற எல்லாருடைய தெருவையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போய்ச் சேரும். ஆகவே வேன்காரரிடம் "எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்பதில் பயனில்லை. "எங்க பிள்ளை எத்தனையாவதா ஏறும், எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். ஆறே முக்காலுக்கு வேன் வரும் என்றால், ஆறு மணிக்கு எழுப்பி, தூக்கக் கண்ணோடு இட்லியைத் திணித்து அனுப்ப வேண்டும். மாலையில் வீடு திரும்பும்போது விளையாட வெளிச்சம் இருக்காது. புது ஊரில் தெருப் பிள்ளைகளோடு பழகக் கிடைக்கும் ஒரே நேரத்தை வேன் தின்றுவிடும். வகுப்புத் தோழர்களும் பத்துத் திசைகளில் இருப்பார்கள். பக்கத்துப் பள்ளி என்றால் காலையில் வகுப்பில் பார்த்த முகத்தையே மாலையில் மளிகைக் கடையில் பார்க்கலாம். புதிதாக வந்த பிள்ளைக்கு அதைவிடப் பெரிய மருந்து இல்லை.

வேன் என்றதும் பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதே ஆண்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்தன. உதவியாளர், அவசர வழி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் அவற்றில் உண்டு. ஆனால் பள்ளியின் சொந்தப் பேருந்தைக் கேட்கும் கேள்விகளை, பெற்றோர் சேர்ந்து பேசி அமர்த்தும் ஆட்டோவிடமும் ஆம்னி வேனிடமும் யாரும் கேட்பதில்லை. பிள்ளைகள் அதிகமாக அடைபட்டுப் போவது அவற்றில்தான்.

இன்னொன்று மழை. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற ஊர்களில் வீடு பார்ப்பவர்கள் நவம்பர் மாதத்தில் அந்தத் தெரு எப்படி இருக்கும் என்று விசாரிப்பார்கள். பள்ளித் தெருவையும் அப்படியே விசாரிக்க வேண்டும். தாழ்வான இடத்தில் இருக்கும் பள்ளிக்கும், வெள்ளம் வந்தால் நிவாரண முகாமாகும் பள்ளிக்கும் விடுமுறை மற்றவற்றைவிட நீளும்.

மொழியும் பாடத்திட்டமும்

பெற்றோர் அதிகம் குழம்புவது பாடத்திட்டத்தில். மெட்ரிக்கா, சி.பி.எஸ்.இ.யா என்ற விவாதத்தில் ஓடும் உணர்ச்சியில் பாதிகூடத் தொடக்க வகுப்புக்குத் தேவையில்லை. தமிழ்நாட்டில் மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல், மாநிலப் பாடத்திட்டம் என்ற நான்கு பிரிவுகளும் 2010-11இல் தொடங்கிய சமச்சீர் கல்வியில் ஒன்றாகிவிட்டன. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பத்தாம் வகுப்பு வரை எல்லா வகுப்புகளுக்கும் அது வந்தது. ஆகவே ஈரோட்டு அரசுப் பள்ளியிலிருந்து சென்னை மெட்ரிக் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு மாறுவது பாடத்திட்டமல்ல, பெரும்பாலும் பயிற்று மொழிதான். சி.பி.எஸ்.இ.க்குப் போனால் பாடமும் மாறும், நாட்காட்டியும் மாறும். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஏப்ரலிலேயே புதிய வகுப்பு தொடங்கிவிடுகிறது. மாநிலப் பள்ளிகள் ஜூனில் திறக்கின்றன. ஜூனில் வந்து சேரும் பிள்ளை அங்கே நடத்தி முடித்த பாடங்களின் நோட்டைக் கடன் வாங்கி எழுதிக்கொண்டிருக்கும்.

பயிற்று மொழி அப்படி லேசானதல்ல. இரண்டாம் வகுப்பு வரை தமிழில் கூட்டல் கழித்தல் போட்ட குழந்தை, மூன்றாம் வகுப்பில் ஆங்கிலத்தில் "கடன் வாங்கிக் கழிக்க" நேரும்போது கணக்கில் மக்காகிவிட்டதுபோல் தெரியும். அதற்குக் கணக்கு தெரியாமல் போகவில்லை, கேள்வி புரியவில்லை. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் இருப்பதால் இந்தத் தாவல் தனியார் பள்ளிக்குப் போகிறவர்களின் சிக்கல் மட்டுமல்ல. ஊர் மாறுகிற அதே ஆண்டில் மொழியையும் மாற்றாதீர்கள் என்பேன். இரண்டு மாற்றங்களை ஒன்றாகத் தாங்கும் பிள்ளைகளும் உண்டு. நம் பிள்ளை அந்த ரகமா என்று சோதித்துப் பார்க்க இது நேரமல்ல.

இதில் பலருக்கும் தெரியாத நீண்ட காலக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020இல் அதற்கான சட்டம் திருத்தப்பட்ட பின், முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்ததற்குச் சான்று கேட்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் ஓராண்டு ஆங்கில வழியில் போட்டுப் பார்த்துவிட்டு மீண்டும் தமிழ் வழிக்கு வந்தால் அந்தச் சங்கிலி அறுந்துபோகும். மாறாக, மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும், கல்லூரி செல்லும் பெண்களுக்கு உதவித்தொகை தரும் புதுமைப்பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்குப் பார்க்கின்றன. தொடக்கப் பள்ளி எதுவாக இருந்தாலும் அந்தக் கதவுகள் மூடிவிடுவதில்லை.

மாநிலம் தாண்டிப் போகிறவர்களுக்கு மொழிச் சட்டங்கள் தனியாக வந்து நிற்கும். தமிழ்நாடு 2006இல் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. 2015-16 முதல் பிற வாரியப் பள்ளிகளுக்கும் அதைப் படிப்படியாக விரித்தது. கர்நாடகம் 2015இலும், கேரளம் 2017இலும், தெலங்கானா 2018இலும் தத்தம் மொழிகளுக்கு இதே மாதிரிச் சட்டம் இயற்றின. ஓசூரிலிருந்து பெங்களூருக்கு ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் நான்காம் வகுப்புப் பிள்ளை அங்கே கன்னட எழுத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும், வகுப்போ வாக்கியத்தில் இருக்கும். பெங்களூரிலிருந்து இங்கே வரும் பிள்ளைக்கு அதே கதை தமிழில்.

வயதுக் கணக்கும் இடிக்கும். தமிழ்நாட்டில் 5 வயது நிரம்பிய பிள்ளையை முதல் வகுப்பில் சேர்க்கிறோம். கேந்திரிய வித்யாலயாவில் மார்ச் 31 அன்று 6 வயது நிரம்பியிருக்க வேண்டும். இங்கே இரண்டாம் வகுப்புக்குப் போக வேண்டிய குழந்தை அங்கே முதல் வகுப்புக்கு விண்ணப்பிக்கும் நிலை வரலாம். ஓராண்டு போய்விட்டதே என்று பெற்றோர் பதறுகிறார்கள். எனக்கென்னவோ அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை; பல பிள்ளைகளுக்கு அந்த ஆண்டு நிம்மதியைத்தான் கொடுக்கும்.

கேந்திரிய வித்யாலயா பற்றி இன்னொரு வார்த்தை. மாற்றலாகிக்கொண்டே இருக்கும் மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்காகவே 1963இல் தொடங்கிய அமைப்பு அது. ஆவடியிலிருந்து கவுகாத்திக்குப் போனாலும் அதே புத்தகம், அதே நாட்காட்டி. கடந்த ஏழு ஆண்டுகளில் பெற்றோருக்கு எத்தனை முறை மாறுதல் வந்தது என்பதை வைத்து முதல் வகுப்பு இடத்துக்கு முன்னுரிமை தருகிறார்கள். இடம் மாறுவதைக் குறையாகப் பார்க்காமல் தகுதியாக எடுத்துக்கொள்ளும் பள்ளி அமைப்பு வேறொன்று நம்மிடம் இல்லை. மாநில அரசு ஊழியருக்கும் தனியார் கம்பெனிக்காரருக்கும் வரிசை பின்னால்தான் வரும்.

ஐந்தாம் வகுப்போடு முடியும் பள்ளிகள்

அரசு, அரசு உதவி பெறுவது, தனியார் என்று பிரிப்பது எல்லாருக்கும் தெரியும். இடம் மாறுகிறவர் கவனிக்க வேண்டிய பிரிவு வேறு: பள்ளி எந்த வகுப்போடு முடிகிறது? நர்சரி பிரைமரி பள்ளியும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியும் ஐந்தோடு முடியும். நான்காம் வகுப்புப் பிள்ளையை அங்கே சேர்த்தால் இரண்டே ஆண்டில் மறுபடி பள்ளி மாற வேண்டும். முதல் வகுப்புப் பிள்ளை என்றால் கவலையில்லை. ஐந்து ஆண்டுகள் பெரிய கால அளவு, சின்னப் பள்ளியின் கவனிப்பு அதற்கு நல்லதுதான். அதாவது ஒரே பள்ளி தம்பிக்குச் சரியாகவும் அக்காவுக்குத் தவறாகவும் இருக்கலாம். இரண்டு பேரையும் ஒரே இடத்தில் விடும் வசதி பெற்றோருக்குப் பெரிது என்பதையும் மறுக்க மாட்டேன்.

அரசுப் பள்ளி என்றால் ஆசிரியர் எண்ணிக்கையைக் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூன்று பேர். அதாவது 40 பிள்ளைகள் உள்ள பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பைப் பார்க்கிறார்கள். ஒருவர் பயிற்சிக்கோ பாடப்புத்தகம் எடுத்து வரவோ போய்விட்டால் அன்றைக்கு ஒற்றை ஆசிரியர் பள்ளி. 120 பிள்ளைகள் உள்ள அரசுப் பள்ளியைப் பார்த்தால் விடாதீர்கள். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற நிலைக்கு அது பக்கத்தில் வந்துவிடுகிறது. அதோடு, ஊர்க்காரர்கள் நம்பிப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள் என்பதற்கும் அந்த எண்ணே சாட்சி.

இடம் மாறும் பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் ஒரு வசதி உண்டு. கொரோனா கால இழப்பை ஈடுகட்ட 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை வகுப்பைப் பார்த்து மட்டும் உட்கார வைப்பதில்லை. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, எந்த நிலையில் நிற்கிறதோ அங்கிருந்து நடத்துகிறார்கள். நடுவில் வந்து சேரும் பிள்ளையைப் "பின்தங்கியது" என்று முத்திரை குத்தாமல் உள்ளே இழுக்க இது நல்ல ஏற்பாடு. எல்லாப் பள்ளியிலும் ஒழுங்காக நடக்கிறதா என்பது அந்தந்த ஆசிரியரைப் பொறுத்தது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டுக்குச் சின்ன விஷயமல்ல. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024இல் ஊரக உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

உதவி பெறும் பள்ளிகளை நடுத்தர வர்க்கம் ஏனோ கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை. நூறாண்டு கண்ட மிஷன் பள்ளிகளும் ஊர்ப் பெரியவர்கள் தொடங்கிய பள்ளிகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சம்பளம் அரசு கொடுப்பதால் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் ஓடிப் போவதில்லை. மாறுதல் கலந்தாய்வு அவர்களைத் தூக்கிப்போவதும் இல்லை. அம்மாவுக்குப் பாடம் எடுத்த மிஸ்ஸே மகளுக்கும் எடுக்கும் பள்ளிகள் இவைதான்.

டி.சி., எமிஸ், சட்டம்

மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) இல்லாமல் எங்கும் சேர முடியாது என்ற பயம் இன்னும் போகவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: வேறு பள்ளிக்கு மாற விரும்பும் பிள்ளைக்குத் தலைமையாசிரியர் உடனே டி.சி. தர வேண்டும், அது தாமதமானதைக் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. மாறும் உரிமையாக அந்தப் பிரிவு சொல்வது அரசுப் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும்தான். தனியார் பள்ளியில் இடம் கிடைப்பது அவர்கள் கையில். ஆனால் கட்டணப் பாக்கிக்காக டி.சி.யைப் பிடித்து வைக்கும் பழக்கத்தைச் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று 2024 ஜூலையில் கண்டித்தது. டி.சி. கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல, பாக்கி இருப்பதை அதில் எழுதவும் கூடாது என்றது. பழைய பள்ளியில் பாக்கி இருந்தால் அவர்கள் சட்டப்படி வசூலிக்கட்டும். பிள்ளை பணயப்பொருள் அல்ல.

நடைமுறையில் இப்போது காகிதத்தைவிட, அரசின் பள்ளிக் கல்வித் தகவல் தொகுப்பான எமிஸில் உள்ள எண்தான் முக்கியம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிரந்தர எண் உண்டு. பழைய பள்ளி தன் பதிவிலிருந்து விடுவித்தால் பிள்ளையின் பெயர் பொதுத் தொகுப்புக்குப் போகும். புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். டி.சி. கையில் இருந்தும் பழைய பள்ளி கணினியில் விடுவிக்க மறந்ததால் புதிய பள்ளியில் பெயர் ஏறாமல், பாடப்புத்தகமும் சீருடையும் தாமதமாகும் கதைகள் நிறைய. ஊரைவிட்டுக் கிளம்பும் முன் "எமிஸ்ல ரிலீவ் பண்ணிட்டீங்களா சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவது நல்லது. பெயரின் எழுத்துக்கூட்டு ஆதாரிலும் டி.சி.யிலும் ஒன்றாக இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். ஐந்தாம் வகுப்பில் தவறிய ஓர் எழுத்து பத்தாம் வகுப்பில் தாலுகா ஆபீஸுக்கு நடக்க வைக்கும்.

சேர்க்கைக்குப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தேர்வு வைக்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000. நன்கொடை வாங்கினால் அதைப்போல் பத்து மடங்கு வரை. "சும்மா ஒரு இன்டராக்ஷன்" என்று அழைப்பதெல்லாம் இதைச் சுற்றிப் போகும் வழிதான். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் கூறியதால், கான்வென்ட் வாசலில் இந்தப் பிரிவைக் காட்டிப் பேச முடியாது. கட்டணத்தைப் பொறுத்தவரை தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுக் கட்டணச் சட்டப்படி ஒரு குழு பள்ளிவாரியாக நிர்ணயிக்கிறது. அது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். அந்தத் தொகையைக் கேட்டால் பல பள்ளிகளில் அலுவலகம் சட்டென்று அமைதியாகிவிடும்.

இடம் மாறும் ஏழைக் குடும்பத்துக்குக் கல்வி உரிமைச் சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. தனியார் பள்ளிகளின் 25 சதவீத இலவச இடங்கள் நுழைவு வகுப்பான எல்.கே.ஜி.யிலோ முதல் வகுப்பிலோதான். சேலத்தில் அந்த இடத்தில் படித்துவந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளை திருப்பூருக்கு வந்தால் அந்த உரிமை கூடவே வருவதில்லை. அங்கே மூன்றாம் வகுப்பில் அப்படி ஓர் இடமே கிடையாது. வேலை தேடி அதிகம் இடம் மாறுவது யாரோ, அவர்களுக்குத்தான் இடம் மாறினால் கழன்றுவிடும் உரிமையைக் கொடுத்திருக்கிறோம்.

போய்ப் பார்ப்பது

வரவேற்பறையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது பெற்றோருக்காகக் கட்டியது. கழிப்பறையைப் பாருங்கள், அதுவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அங்கே போகக் கூசும் பெண் குழந்தைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே தவிர்ப்பார்கள். மாலையில் நிறைந்தபடி வீடு திரும்பும் தண்ணீர் பாட்டில் அதைத்தான் சொல்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கூரை தீப்பற்றி இறந்த பிறகு கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரச் சான்றுகள் இல்லாமல் பள்ளி நடத்த முடியாது என்றாகிவிட்டது. சான்று சுவரில் தொங்கும். மாடிப்படி எவ்வளவு அகலம், அவசரக் கதவில் பூட்டு தொங்குகிறதா என்பதை நம் கண்தான் பார்க்க வேண்டும்.

பள்ளி விடும் நேரத்துக்குக் கால்மணி முன்பே வாசலுக்குப் போய் நின்றால் தலைமையாசிரியரிடம் ஒரு மணி நேரம் பேசிக் கிடைக்காதது கிடைக்கும். காத்திருக்கும் அம்மாக்களும் தாத்தாக்களும் ஒளிக்காமல் பேசுவார்கள். எந்த மிஸ் அடிப்பார், எந்த வகுப்பில் ஆண்டு நடுவே ஆசிரியர் மாறினார், வெளியே சொல்லாத கட்டணம் என்ன, எல்லாம் அங்கே வரும். உள்ளே கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "எங்க பிள்ளை சேரப் போற வகுப்புக்கு யார் டீச்சர், இங்கே எத்தனை வருஷமா இருக்காங்க?" தொடக்க வகுப்புக் குழந்தைக்குப் பள்ளி என்பதே அந்த ஒருவர்தான். முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் சொன்னது. முதல் வகுப்புப் பையின் கனத்தைத் தூக்கிப் பார்த்தால் அந்தப் பள்ளிக்குச் சட்டத்தோடு என்ன உறவு என்று தெரிந்துவிடும்.

சில குடும்பங்கள் வெளிப்படையாகக் கேட்க முடியாத கேள்வி ஒன்றும் இருக்கிறது. வீடு வாடகைக்குக் கேட்கும்போதே சாதியைச் சுற்றி வளைத்து விசாரிக்கும் ஊர்களில், பள்ளியில் அது எப்படி என்பதைத் தலித் பெற்றோர் தமக்குத் தெரிந்தவர்கள் வழியாகத்தான் அறிந்துகொள்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவன் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு, பள்ளிகளில் சாதிப் பிரிவினையைத் தடுக்க வழி சொல்ல அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. நாங்குநேரியில் நடந்தது மேல்வகுப்பில். ஆனால் யார் யாரோடு உட்காருவது, யார் சமைத்ததைச் சாப்பிடுவது என்ற பாடம் ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. இந்தக் குடும்பங்களுக்கு "பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடு" என்ற என் வாதம் அப்படியே செல்லாது. பக்கத்தில் இருப்பவர்கள் யார் என்பதே அவர்களுடைய கேள்வி.

சேர்த்த பிறகு முதல் மாதம் பிள்ளை அழுதால் பள்ளி சரியில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். நெல்லையிலிருந்து வந்த பிள்ளை "அங்ஙன வச்சிட்டேன்" என்றால் சென்னை வகுப்பு சிரிக்கத்தான் செய்யும். அரையாண்டுக்குள் அதுவும் சென்னைக்காரர்போலப் பேசத் தொடங்கி, ஊருக்குப் போனால் அங்கே கேலிக்கு ஆளாகும். அழுகை பெரும்பாலும் பழைய சிநேகிதர்களுக்காக. படிப்பைப் பார்க்க ரேங்க் கார்டு வேண்டாம். பிள்ளைகளின் வாசிப்புத் திறனை அளக்கும் ஏசர் ஆய்வுக்காரர்கள் வீடு வீடாகப் போய்ச் செய்வதைப்போல, எழுத்து, சொல், சின்னப் பத்தி, குட்டிக் கதை என்று வரிசையாகப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். ஊர் மாறும் முன்பு ஒரு முறை, காலாண்டு விடுமுறையில் ஒரு முறை. பின்னால் போயிருந்தால் மிஸ்ஸிடம் பேசலாம்.

தேர்ந்தெடுக்க முடியாதவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் எப்போது மாறுவது, எங்கே மாறுவது என்பது ஓரளவாவது தன் கையில் உள்ளவர்களுக்கு. சென்னையில் கூவம், அடையாறு கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு இரண்டும் கையில் இல்லை. 2000ஆம் ஆண்டு வாக்கில் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரிய அளவில் பெரும்பாக்கம் என்று நகரின் தென்கோடியில் ஆயிரக்கணக்கான குடியிருப்புகள் எழுந்தன. கல்வியாண்டின் நடுவே, சில சமயம் அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது, லாரி வந்து நின்றது. பிள்ளைகளில் சிலர் பழைய பள்ளியைவிட மனமில்லாமல் இரண்டு பேருந்து மாறிப் போய்வந்தார்கள், சிலர் பாட்டி வீட்டில் தங்கினார்கள், சிலர் நின்றேவிட்டார்கள். ஒரே நேரத்தில் குடியேறிய கூட்டத்துக்கு அங்கிருந்த பள்ளிகளில் இடம் போதவில்லை.

முதலில் பள்ளி, பிறகு வீடு என்ற வரிசையைத் தனிக் குடும்பத்துக்குச் சொல்வது எளிது. லாரியை அனுப்பும் அரசு அதே வரிசையை ஏன் பின்பற்றக் கூடாது? 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய குடிசை மாற்று வாரியம், முழுப்பரீட்சை முடியும் வரை எந்த வீட்டையும் காலி செய்வதில்லை என்று விதி வைத்துக்கொள்ளலாம். ஒதுக்கீட்டு ஆணையில் கட்டட எண்ணும் வீட்டு எண்ணும் எழுதும் இடத்திலேயே, அந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில் இடம் வைத்திருக்கிறோம் என்று இன்னொரு வரி எழுதலாம். ஒவ்வொரு பிள்ளையின் எமிஸ் எண்ணும் அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது.